மாமா பெயரை எழுத வேண்டாம்

அன்புள்ள ஐயா,

பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கோவைக் கம்பெனி அனுப்பிய படிவத்தில், உங்கள் மகளைப் பற்றி விசாரிக்க மூன்று பேரின் பெயரும் போன் எண்ணும் கேட்டிருக்கிறார்கள். நீங்களே மூன்று பெயர்களை எழுதி வைத்துவிட்டீர்கள்: பஞ்சாயத்து மெம்பர், வங்கி அதிகாரியான தாய்மாமா, கோயில் கமிட்டித் தலைவர். மூன்றையும் அடித்துவிடுங்கள்.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்பது புரிகிறது. அரசு வேலையில் சேரும்போது நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில், ஊரில் நம்மை அறிந்த பொறுப்பான இரண்டு பேரைக் குறிப்பிடச் சொல்வார்கள். நன்னடத்தைச் சான்றிதழுக்காக கெஜட்டட் அதிகாரி வீட்டு வாசலில் நின்ற தலைமுறை நாம். அங்கே தெரிய வேண்டியது, நல்ல குடும்பமா, வம்பு வழக்கு ஏதும் உண்டா என்பது. தனியார் கம்பெனிக்காரர் போனில் கேட்பது வேறு. இவளை உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன வேலை பார்த்தாள், கொடுத்த கெடுவுக்குள் முடித்தாளா, தவறு நேர்ந்தால் வந்து சொன்னாளா, மறுபடியும் இடம் காலியானால் சேர்த்துக்கொள்வீர்களா? மெம்பர் பாவம், என்ன சொல்வார்? "தங்கமான பெண்" என்பார். கேட்பவர் அதைக் குறித்துக்கொள்ளக்கூட மாட்டார். உறவினர் பெயரையோ பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதே இல்லை.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் மகள் ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்ததைப் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். பயிற்சிதானே என்று தள்ளிவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டு நடப்பது அது. அங்கே தினமும் அவளிடம் வவுச்சர் கட்டைக் கொடுத்துச் சரிபார்த்து வாங்கிய சீனியர் அக்கவுண்டன்ட் யாரோ, அவர் பெயர் முதலில் வரட்டும். ஜெனரல் மேனேஜர் வேண்டாம். அவருக்கு இவள் முகம்கூட ஞாபகம் இருக்காது.

இரண்டாவது, கல்லூரியில் புராஜெக்ட்டுக்கு வழிகாட்டிய ஆசிரியை. கேரளத்து அரசுக் கல்லூரிகளில் இடமாற்றம் சகஜம். பாலக்காட்டுச் சித்தூரில் பாடம் எடுத்தவர் இன்று காசர்கோட்டில் இருக்கலாம். பழைய துறை அலுவலக எண்ணைக் கொடுத்தால், "அவர் மாறிப் போய்விட்டார்" என்ற பதிலோடு விசாரணை முடிந்துபோகும். இப்போதைய எண்ணையும் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு வாங்கட்டும். பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சிகள் ஜிமெயிலை அவ்வளவாக மதிப்பதில்லை.

மூன்றாமவரைச் சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் ஊர்ப் பால் சங்கச் செயலாளர். கல்லூரி நாட்களில் காலையில் அங்கே போய்ப் பால் அளவும் கொழுப்பும் பதிந்து, பட்டுவாடாக் கணக்கு எழுதியதாக மகள் தன் விண்ணப்பத்தில் போட்டிருக்கிறாள். ஒரு ரூபாய் குறைந்தாலும் மாட்டுக்காரர் கவுண்டரில் வந்து நின்றுவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் கணக்கு எழுதிய பெண்ணைப் பற்றிச் செயலாளருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இனி, கேட்கும் விதம். மகள்தான் கேட்க வேண்டும். நீங்கள் போன் செய்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கும்பிடு போடும் வேலை வேண்டவே வேண்டாம். அது அவளைச் சிறுபிள்ளையாகக் காட்டும். கேட்காமலே பெயரைப் போட்டுவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பதும் கூடாது. அவள் இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். கோவையில் ஒரு கம்பெனியில் ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் வேலையைப் பற்றி விசாரிக்க உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுக்கலாமா? உங்களுக்கு வசதிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. மனமில்லாமல் ஒப்புக்கொள்பவர் போனில் இழுத்து இழுத்துப் பேசுவார். அது நேரடியாகக் குறை சொல்வதைவிட மோசம். எந்த வேலை, எந்தக் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்காமல் "அதற்கென்ன, போட்டுக்கொள்" என்று சொல்பவர் விஷயத்திலும் நான் சற்று யோசிப்பேன்.

சம்மதம் கிடைத்ததும் விண்ணப்பத்தின் நகலை அனுப்பி, அவரிடம் தான் பார்த்த வேலைகளையும் தேதிகளையும் நான்கு வரியில் நினைவுபடுத்தட்டும். கோவை, பெங்களூர் எண்ணிலிருந்து அழைப்பு வரலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும். தெரியாத எண் என்றால் இன்று யார் எடுக்கிறார்கள்?

நம் எல்லைப் பகுதிக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரை விசாரிப்பவர் சொல்வார். ஆலையில் அவளை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று அக்கவுண்டன்ட் சொல்லிவிட்டால் போச்சு. எனவே சான்றிதழில் உள்ள பெயரை இனிஷியலோடு அவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அடுத்தது மொழி. பால் சங்கச் செயலாளர் மலையாளமும் தமிழும் நன்றாகப் பேசுவார். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்டால் திணறுவார். படிவத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'தமிழ், மலையாளம்' என்று எழுதிவிடலாம். தவறில்லை.

உங்கள் அண்ணன் மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேலையில் இருப்பவர், தற்போதைய மேலாளர் பெயரை ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம். அங்கிருந்து விலகிப்போன பழைய டீம் லீடர் இருந்தால் அவரைக் கேட்கட்டும். வேலையில் சேர்ந்த, விலகிய தேதிகளை மட்டும் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்) பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஏஜென்சிகள் அங்கேயும் போய்ப் பார்க்கும்.