ஜப்பானுக்கு ட்ரெய்னிங் போய் வந்த டீச்சரிட்ட கேளுங்கோ: வெளிநாடு போறதால வாத்திமாருக்கு என்ன லாபம்?

நான் கொழும்பில கவர்மெண்ட் ஸ்கூல் ஒண்டில மெத்ஸ் படிப்பிக்கிறன். ஜப்பான் அரசாங்கத்தின்ட டீச்சர் ட்ரெய்னிங் ஸ்கொலர்ஷிப், அவையின்ட கல்வி அமைச்சின்ட பேரால மெக்ஸ்ட் எண்டு சொல்லுவினம், அதில போய் ஒன்றரை வருசம் இருந்திட்டு வந்தனான். ஆளாளுக்கு தனித்தனியா கேக்கிறதால எல்லாருக்கும் ஒரே இடத்தில பதில் சொல்லுறன்.

கேள்வி (வெள்ளவத்தை, சயன்ஸ் டீச்சர்): அக்கா மறைக்காம சொல்லுங்கோ, ஒரு செர்டிபிகேட், நாலு ஃபோட்டோ, அதுக்கு மேல என்ன கிடைச்சது?

மற்ற ஆக்கள் படிப்பிக்கிறத பாக்கிற பழக்கம் கிடைச்சது, அது தான் பெரிசு தங்கச்சி. அங்க ஜுகியோ கென்கியு எண்டு ஒண்டு இருக்கு, பாடத்த ஆராயிறது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கொஞ்ச டீச்சர்மார் சேர்ந்து ஒரு பாடத்த பிளான் பண்ணுவினம், ஒராள் எடுப்பா, மற்றவை வகுப்புக்குள்ளேயே நிண்டு பாப்பினம், பிறகு இருந்து கதைப்பினம். நான் பாத்தது ஐந்தாம் வகுப்பு, இணைகரத்தின்ட பரப்பளவு. 45 நிமிசம் முழுக்க ஒரே ஒரு கணக்கு தான்! பிள்ளையள் வெட்டி ஒட்டி, கோடு கீறி, தங்கட தங்கட வழிய போர்டில போட, டீச்சர் ஒண்டையும் அழிக்கேல்ல, கடைசியில போர்ட பாத்தா அண்டைய பாடம் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் அப்பிடியே கிடக்கு.

அதுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில தான் எனக்கு வாய் பிளந்தது. ஒருத்தரும் "நல்லா செய்தீங்க" எண்டு பூசி மெழுகேல்ல, டீச்சரின்ட குரல் காணாது, சாரி கசங்கியிருக்கு மாதிரி கதையும் இல்ல. ஒராள் கேக்கிறார், "ஜன்னல் பக்கம் இருந்த பிள்ளை அடிய சாய்ஞ்ச பக்கத்தால பெருக்கி எழுதிப்போட்டு அழிச்சது, அத ஏன் போர்டுக்கு எடுக்கேல்ல?" உயரத்தால பெருக்காம விடுற அந்தப் பிழைய எங்கட பிள்ளையளும் ஓஎல் சோதினை வரைக்கும் விடுதுகள் தானே. எங்கட நாட்டில வகுப்பில பின்னுக்கு ஒராள் வந்து இருந்தா அது சுப்பர்விஷன், பாடக்குறிப்பு கொப்பி சரியா, சுவரில சார்ட் ஒட்டியிருக்கா எண்டு பாக்க வாறது. அங்க பாக்க வந்த ஆக்கள் டீச்சர பாக்கேல்ல, பிள்ளைய பாத்தவை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்க கிளாஸ்ல 45 பிள்ளைங்க மிஸ், அங்க பத்து பதினஞ்சு பேர வச்சி செய்றத இங்க எப்படிங்க செய்றது?

எல்லாரும் உப்பிடித்தான் நினைக்கினம். ஜப்பானில ஜூனியர் ஹை ஸ்கூல் எண்டா ஒரு வகுப்புக்கு 40 வரைக்கும் போடலாம் எண்டது தான் கனகாலமா இருந்த சட்டம், நான் பாத்த வகுப்புகள் சிலது எங்கட மாதிரியே நெருக்கம். எனக்கு இங்க தடையா இருக்கிறது எண்ணிக்கை இல்ல, 40 நிமிசப் பீரியடும் சிலபஸ் முடிக்கிற அவசரமும் தான். அதால கிழமைக்கு ஒரு பாடம் மட்டும் அப்பிடி எடுக்கிறன், மிச்சம் பழைய மாதிரி சோக் அண்ட் டோக், போர்டில எழுதிச் சொல்லிக் குடுக்கிறது தான். அதுக்கு வெக்கப்பட ஒண்டும் இல்ல.

கேள்வி: நீங்க போன மெக்ஸ்டில மாஸ்டர்ஸ் தருவாங்களா? வேற என்ன புரோகிராம் இருக்கு?

தரமாட்டினம். முடிச்சதுக்கு ஒரு சான்றிதழ் தான், டிகிரி வேணுமெண்டா அவையின்ட ரிசர்ச் ஸ்கொலர்ஷிப் பக்கம் போங்கோ. டீச்சர் ட்ரெய்னிங்குக்கு வயசு 35க்குள்ள, 5 வருச சேவை வேணும், கொழும்பு ஜப்பான் தூதரகத்தால தான் விண்ணப்பம். அமெரிக்கா எண்டா அந்த அரசாங்கத்தின்ட ஃபுல்பிரைட் ஸ்கொலர்ஷிப். அது 1946இல தொடங்கினது, இலங்கைக்கான கமிஷன் 1952இல வந்தது. அதில செகண்டரி டீச்சர்மாருக்கு டீஈஏ (டீச்சிங் எக்ஸலன்ஸ் அண்ட் அச்சீவ்மெண்ட்) எண்டு 6 கிழமை புரோகிராம் ஒண்டு இருக்கு, யுனிவர்சிட்டியிலயும் படிச்சு அங்கத்த பள்ளிக்கூடத்திலயும் போய் நிக்கலாம். சின்னப் பிள்ளையள் உள்ள அம்மாமாருக்கு இது தான் சுகம். ஒண்டு மட்டும், அது ஜே-1 எண்ட பரிமாற்ற விசா, முடிஞ்சா 2 வருசம் நாட்டில இருக்க வேணும், அதுக்கு முதல் அங்க குடியேறவோ வேலை விசாவோ எடுக்கேலாது. போய் அப்பிடியே நிண்டிடலாம் எண்டு கணக்குப் போடுற ஆக்கள் வேற வழி பாருங்கோ 😄

கேள்வி (தெமட்டகொட): லீவு எடுக்கிறது பெரிய தலையிடியா சேர்மார் சொல்றாங்களே?

ஓம், தலையிடி தான். அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பிறகு மாகாணம், தேசிய பாடசாலை எண்டா இசுருபாயவில இருக்கிற கல்வி அமைச்சு, எண்டு ஃபைல் நடந்து கொண்டே இருக்கும். சம்பளத்தோட படிப்பு லீவு எண்டா பாண்ட் சைன் பண்ண வேணும், திரும்பி வந்து சேவை செய்வன் எண்டு. ஒவ்வொரு கடிதத்தின்ட கொப்பியும் சீல் அடிச்சு கையில வைச்சிருங்கோ. இன்னொண்டு, உங்கட பீரியட்கள ஆர் எடுக்கிறது எண்டத நீங்களே ஒராளோட கதைச்சு அதிபரிட்ட கொண்டு போங்கோ, பாதி மறுப்பு அங்கேயே குறைஞ்சிடும்.

கேள்வி: நான் தமிழ் மீடியம் அக்கா, இங்கிலீஷ் கதைக்க பயம்.

ஜப்பானில முதல் 6 மாசம் ஜப்பான் மொழி தான் படிப்பிக்கிறது, பிரேசில்காரரும் தாய்லாந்துக்காரரும் எல்லாரும் ஒண்டாத் தான் தடுமாறினவை. அந்த மொழியிலயும் தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில தான் வாறது, எங்களுக்கு அது பழக்கம் எண்டதால நாங்கள் கொஞ்சம் முந்திட்டம். இன்டர்வியூவுக்கு உங்கட வகுப்பில இப்ப இருக்கிற ஒரு பிரச்சினைய மட்டும் தெளிவா சொல்லப் பழகுங்கோ, வடிவான இங்கிலீஷ் ஒருத்தரும் கேக்கேல்ல.

கேள்வி: திரும்பி வந்தா ஸ்டாஃப் ரூமில எப்பிடி?

"ஜப்பானில எண்டா..." எண்டு வாயத் திறந்தீங்கள், முடிஞ்சுது. ரெண்டாம் தரம் சொல்லேக்க முகத்த திருப்புவினம். நான் ஒண்டும் சொல்லாம என்ர வகுப்புக்கு ஒரு மிஸ்ஸ கூப்பிட்டன், அந்த மூலைப் பிள்ளை என்ன எழுதுது எண்டு மட்டும் பாத்து சொல்லுங்கோ எண்டு. பிறகு அவ தன்ர வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டா. புரமோஷன், சம்பளம் ஒண்டும் இதால கூடேல்ல, அதையும் சொல்லிடுறன்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அம்மாக்கு ஏலாது, என்னால நாட்ட விட்டுப் போகவே ஏலாது. அப்ப?

மேல சொன்ன பாடம் பாக்கிற வேலைக்கு விசா தேவையில்லையே, நீங்களும் இன்னும் ரெண்டு டீச்சர்மாரும் காணும். வெளிநாட்டு வகுப்போட ஸூமில சேர ஆசையெண்டா ஜப்பான் எங்களுக்கு மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, காலமை 8 மணி எங்களுக்கு, அங்க பதினொண்டரை. லண்டன் பள்ளிக்கூடம் தொடங்கேக்க இங்க பெல் அடிச்சு பிள்ளையள் வேனில ஏறியிருக்கும், அதால கிழக்குப் பக்கம் தேடுங்கோ. ரெண்டாம் மூண்டாம் பீரியட்டில வையுங்கோ, பன்னிரண்டரைக்கு வைச்சா அங்க 4 மணி, அவை கிளப், விளையாட்டு எண்டு போயிருப்பினம்.