கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய சென் மேரிஸ் வெளிச்சவீட்டுக்குப் போவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

திருகோணமலையிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் மகளிடம் போகிறோம், பக்கத்து விட்லி பேயில் உள்ள இந்த வெளிச்சவீட்டையும் பார்க்க ஆசை, வற்று நேரத்தில் போய் வருவதில் என்ன சிக்கல் என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் ஒன்றுதான். நம்மூர்க் கடலை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடலைக் கணிக்கக்கூடாது.

திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் கூடினால் அரை மீட்டரை ஒட்டித்தான் வரும். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுவதால் இங்கே பெருக்கு உயர்ந்து நிற்பதில்லை. உள்துறைமுகத்தில் படிக்கட்டைப் பார்த்தால்தான் நீர் ஏறியது தெரியும். விட்லி பேயை ஒட்டிய வடகடல் ஆழம் குறைந்தது. அந்தக் கரையில் அமாவாசைக்கும் பறுவத்துக்கும் ஓரிரு நாள் பிந்தி வரும் பெரிய பெருக்கில் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். அதுவும் ஒரே வேகத்தில் ஏறாது. வற்றிலிருந்து பெருக்குக்கு ஏறக்குறைய 6 மணித்தியாலம் 12 நிமிடம். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணித்தியாலத்தில் 1 பங்கு, அடுத்ததில் 2, பிறகு 3, 3, 2, 1 என்று ஏறும். 4.2 மீட்டர் ஏறும் நாளில் முதல் மணித்தியாலத்தில் 35 சென்ரிமீட்டர்தான். மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 1 மீட்டர் 5 சென்ரிமீட்டர். திருகோணமலையில் ஒரு முழுப் பெருக்கில் ஏறுகிற அரை மீட்டர், அங்கே அந்த நேரத்தில் அரை மணித்தியாலத்துக்குள் ஏறிவிடும். முதல் மணித்தியாலத்து அசைவைப் பார்த்து "இன்னும் நேரம் கிடக்கு" என்று இருந்துவிடுபவர்கள்தான் அகப்படுகிறார்கள்.

வெளிச்சவீடு நிற்பது ஒரு சிறு தீவில். அங்கே போகும் பாதை ஒரு கொங்கிரீட் தாம்போதி, பெருக்கில் நீர் மூடிவிடும் தாழ்வான பாதை. எங்கட தாம்போதிகளை மாரி வெள்ளம் மூடினால் உழவு இயந்திரத்தில் ஏறியாவது கடக்கப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறுமுன் இங்கேயே விட்டுவிடுங்கள். அங்கே நீர் இரண்டு பக்கத்தாலும் வந்து சேரும். மூடியதும் விளிம்பு தெரியாது, ஓரமெல்லாம் பாசி. காரில் வந்தால் கரையில் உள்ள தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடப்பதே புத்தி.

கடக்கக்கூடிய நேரத்தை உள்ளூர் மாநகரசபை ஒவ்வொரு நாளுக்கும் வெளியிடுகிறது, தாம்போதி வாசலிலும் போட்டிருப்பார்கள். அதையே நம்புங்கள். கைபேசிச் செயலியில் வற்று நேரத்தைப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டால் இரண்டு இடத்தில் பிழை வரும். ஒன்று, சில வற்றுப்பெருக்கு அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைப்பார்கள். நமக்கு அந்த வழக்கமே இல்லாததால் இது நினைவுக்கு வராது. மற்றது, அட்டவணை காற்றையும் அமுக்கத்தையும் கணக்கில் எடுக்காது. வளியமுக்கம் 1 மில்லிபார் இறங்கினால் கடல் சுமார் 1 சென்ரிமீட்டர் உயரும். கூடவே வடக்கிலிருந்து புயற்காற்று அடித்தால் இன்னும் நீர் சேரும். அப்படியான நாளில் போகாதீர்கள், நேரம் சரியாக இருந்தாலும்.

எந்த நாளில் போவது என்று தெரிவுசெய்வதுதான் பாதி வேலை. வற்று நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஆகவே இந்த வாரம் விடியற்காலையில் வற்றினால், சில நாள் பொறுத்தால் நடுப்பகலுக்கு வரும். அட்டமியை ஒட்டிய நாட்களில் கடல் அவ்வளவாகப் பின்வாங்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அங்கே பிற்பகல் மூன்றே முக்காலை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். பாதை திறக்கும் நேரத்திலேயே போய்விட்டு, மூடும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். அங்கே சுற்ற ஒன்றரை மணித்தியாலம் போதும்.

தப்பித்தவறி அகப்பட்டால் தீவிலேயே இருங்கள். 999 அழைத்துக் கரையோரக் காவலைக் கேளுங்கள். முழங்காலளவுதானே என்று இறங்க வேண்டாம். நிலாவெளியில் மணிக்கணக்கில் நீந்துகிறவருக்கும் இது பொருந்தும். கோடையிலேயே அந்தத் தண்ணீர் 14, 15 பாகையைத் தாண்டுவது அரிது. திடீரென விழுந்தால் முதல் ஓரிரு நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது.

வெளிச்சவீடு 1898இல் கட்டப்பட்டது, 1984இல் பணியை நிறுத்தியது. 1977 வரை மின்சாரம் இல்லாமல் எண்ணெய் விளக்கில்தான் ஓடியது. மேலே ஏற 137 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்றே ரசிக்கலாம், பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். கிட்டப் போய்ப் படம் எடுக்காதீர்கள், அவை வெருண்டு பாறையில் அடிபடும். கோபுரம் திறந்திருக்கும் நேரமும் தாம்போதி திறந்திருக்கும் நேரமும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியே பார்த்துவிட்டுப் போங்கள். நியூகாசிலிலிருந்து மெட்ரோவில் விட்லி பேயில் இறங்கினால், வடக்கே கரையோரமாக நடந்தே போகலாம். நாள் பொருந்தாவிட்டால் கரையில் நின்றாலும் முழுக் கோபுரமும் தெரியும்.