ஈர நெல்லைக் காயவைக்க ஒரு தொழில் வழி

கேள்வி: மன்னார்குடி பக்கம் நவீன அரிசி ஆலை நடத்துகிறேன். குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வரும்போது, சிறு விவசாயிகள் ஈர நெல்லோடு அரசு கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஓர் உலர்த்தி வாங்கி இலவசமாகக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர் ஒருவர் அறக்கட்டளை தொடங்கி, பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் நிதி கேட்கச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இலவசம் வேண்டாம், அறக்கட்டளையும் இப்போதைக்கு வேண்டாம். புது இயந்திரம்கூட உடனே வேண்டாம்.

முதலில் சிஎஸ்ஆர். 2013 கம்பெனிச் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகள் கடந்த மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் இந்த ஆண்டு உங்களுக்கு வரலாம், அடுத்த ஆண்டு வேறு மாவட்டத்துக்குப் போகலாம். ஐப்பசி மழை அப்படி இடம் மாறாது. ஆலைக் கணக்கிலேயே, நஷ்டமில்லாமல் ஓடுகிற ஏற்பாடுதான் நிற்கும்.

புழுங்கல் ஆலை என்றால் கொதிகலன், உலர்த்தி, எரிக்க உமி எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். குறுவை அறுவடை சமயத்தில் மூன்று வாரம், இரவு ஷிப்டை மட்டும் விவசாயிகளுக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஆள் கூலி, மின்சாரம், உமி மூன்றையும் கூட்டினால் 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு என்ன செலவு என்று தெரிந்துவிடும். அதன்மேல் கொஞ்சம் வைத்துக் கட்டணம் சொல்லுங்கள். அறுவடை மெஷினுக்கு மணிக் கணக்கில் வாடகை கொடுத்துப் பழகிய ஊர்தானே நம்முடையது?

ஆனால் கட்டணத்தை எந்த அளவில் கேட்கிறோம் என்பதில்தான் பெரிய கம்பெனிகளே தடுக்கி விழுந்திருக்கின்றன. வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் அமைப்பும் பிரான்சின் டேனோன் உணவுக் கம்பெனியும் 2006இல் கூட்டுச் சேர்ந்து, ஏழைக் குழந்தைகளுக்குச் சத்தூட்டிய தயிரை மலிவாக விற்றன. 2008இல் பால் விலை ஏறியது. இவர்களும் தயிர் விலையை ஏற்ற, கிராமத்து விற்பனை படுத்துவிட்டது. பிறகு கப்பைச் சிறியதாக்கி விலையை இறக்கினார்கள், நகரத்திலும் விற்று ஈடுகட்டினார்கள். நம் டெல்டாவில் அறுவடை அன்று கையில் ரொக்கம் இருக்காது. கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூலியை நெல்லாகவே எடுங்கள். நெல்லாக எடுப்பதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் கலகம் வரக்கூடிய இடம்: எடை. 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல்லை, கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 94 கிலோ. 40 கிலோ சிப்பம் 37.6 கிலோவாகும். போனது தண்ணீர்தான் என்று உங்களுக்குத் தெரியும். கொண்டுவந்தவருக்கோ, 'மில்காரர் சிப்பத்துக்கு ரெண்டரை கிலோ அடிச்சுட்டார்' என்றுதான் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பார்த்த தராசுகள் அப்படி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவர் கண்ணெதிரே எடை போடுங்கள், ஈரமானியையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மானியும் கொள்முதல் நிலைய மானியும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று முன்கூட்டியே ஒப்பிட்டு வையுங்கள். உங்கள் மானியில் 17, அங்கே 18 என்றால் அன்றோடு பெயர் போச்சு.

இன்னொரு சிக்கல். மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், சாகுபடி செய்கிறவரின் நெல் உலர்த்தியை நிரப்பாது. நாலைந்து பேர் நெல்லைச் சேர்த்துத்தான் போட வேண்டும். கோ 51 ரகத்தையும் ஏ.எஸ்.டி. 16 ரகத்தையும் கலந்துவிட்டால் யாருமே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஒரே ரகம், கிட்டத்தட்ட ஒரே ஈரம் என்று ஆள் சேர்க்கும் வேலையை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ மகளிர் குழுவிடமோ கொடுத்து, சிப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷனும் கொடுங்கள். அவசரத்தில் சூட்டைக் கூட்டாதீர்கள். அரிசி விரிசல் விட்டுக் குருணையாகும். விதை நெல் என்றால் காற்றின் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

'இங்கே காயவைத்தால் எனக்கே விற்க வேண்டும்' என்ற நிபந்தனை மட்டும் வேண்டவே வேண்டாம். ஐடிசி கம்பெனி 2000இல் மத்தியப் பிரதேசத்தில் இ-சௌபால் தொடங்கி, சோயா விலையைக் கிராமத்துக் கணினியிலேயே காட்டியது. விலையைப் பார்த்தவர் மண்டிக்கும் போகலாம், கட்டாயம் கிடையாது. மண்டித் தரகர்களையும் விரட்டாமல் கமிஷன் கொடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. உங்கள் ஊர் நெல் வியாபாரியையும் பகைக்காதீர்கள், லாரி அவரிடம்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மழை அதிகமான சில ஆண்டுகளில் ஈரப்பத வரம்பை அரசு 17 சதவீதத்துக்கு மேலே தளர்த்தியிருக்கிறது. அந்த அறிவிப்பு வந்ததும் உங்களைத் தேடி வருகிற கூட்டம் குறையும். காயவைத்தால் குறைகிற எடையை யார் சும்மா விடுவார்? கடன் வாங்கித் தனி உலர்த்தி போடுவதற்கு முன் இதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த மூன்று வாரமும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் கட்டணம் கொடுத்து இரண்டாவது தடவையும் வந்தார்கள் என்ற எண்ணிக்கை எனக்கு வேண்டும். அதை அனுப்புங்கள், இயந்திரம் வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.