குடல் நரம்பு முதற்கலங்களும் மகனின் சத்திரசிகிச்சையும்

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கைக்குழந்தைக்கு ஹிர்ஷ்பிரங் நோய் என்று கண்டு, நரம்புக் கலங்களில்லாத குடற்பகுதியை அகற்ற யாழ்ப்பாணத்தில் நாள் குறித்திருக்கையில், குடலிலிருந்தே, நரம்புக் கலங்களாக முதிரக்கூடிய நரம்பு முதற்கலங்களைப் பிரித்து வளர்க்கும் சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காத்திருக்க வேண்டாம்.

அச்சிகிச்சை பற்றி நீங்கள் வாசித்தது பொய்யல்ல. கருவின் 4ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரை குடலின் நரம்புக் கலங்களை உருவாக்கும் நரம்பு முகட்டுக் கலங்கள் மேலிருந்து கீழாகக் குடலில் குடியேறுகின்றன. அவை சென்றடையாத கடைப்பகுதியே நோயுள்ள இடம். பிறந்த பின்னரும் சில முதற்கலங்கள் குடற்சுவரில் எஞ்சியிருக்கும். சிறு இழையத் துண்டை நொதியத்தால் கலங்களாகப் பிரித்து, மேற்பரப்பில் பி75 புரதமுள்ளவற்றை ஒளிரும் பிறபொருளெதிரியால் குறியிட்டுத் தெரிவு செய்வார்கள். சொக்ஸ்10 புரதமும் நல்ல அடையாளந்தான். ஆனால் அது கலக்கருவுக்குள் இருப்பதால், வழமையான முறையில் அதைச் சாயமிட்டுப் பார்த்த கலம் உயிருடன் மிஞ்சாது. பி75, நரம்புக் கலங்களுக்குத் துணைநிற்கும் முதிர்ந்த கிளியாக் கலங்களிலும் இருப்பதால், வளர்ப்புத் தட்டில் உருண்டையாகத் திரண்டு நரம்புக் கலங்களையும் கிளியாவையும் உருவாக்கினால் மட்டுமே முதற்கலம் என்று ஏற்கத் தகும். இவை யாவும் இன்னும் ஆய்வுகூட நிலையிலேயே உள்ளன.

இதற்கிடையில் வயிறு ஊதி, காய்ச்சலுடன் துர்நாற்றமான வயிற்றோட்டம் கண்டால், மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே என்று அயலவர் சொன்னாலும், குடலழற்சியாக இருக்கக்கூடும் என்பதால் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.