சம்பளம் 40,000, கார்டு பாக்கி வேறு: போதுமென்ற மனதோடு கொடுப்பது எப்படி?

கேள்வி: மாதச் சம்பளம் 40,000. கிரெடிட் கார்டு பாக்கியும் இருக்கிறது. கிறிஸ்தவனாக, இருப்பது போதும் என்று வாழ்ந்து, தாராளமாகக் கொடுக்கவும் முடியுமா?

முடியும். மிச்சத்தில் கொடுக்கலாம் என்றிருந்தால் மட்டும் நடக்காது. மாதக் கடைசியில் மிச்சம் ஏது? பிடியரிசி எடுத்த அம்மாக்கள் இதில் கெட்டி. உலைக்கு அளந்த அரிசியில், களைவதற்கு முன்பே ஒரு பிடி தனிப் பானைக்குப் போய்விடும். மிஞ்சிய சோற்றை யாரும் காணிக்கைக்கு எடுத்து வைத்ததில்லை. 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொல்வதும் இதைத்தான்: வாரத்தின் முதல்நாள்தோறும், வரவுக்குத் தக்கதாக, முன்கூட்டியே சேர்த்து வை.

ஆகவே சம்பளம் ஏறிய அன்றே 4,000 ரூபாயை வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபே-யில் இணைக்காதீர்கள், பெட்ரோலிலும் டீயிலும் கரைந்துவிடும். 2,000 சபைக்கு, 1,000 மிஷனரி ஊழியத்துக்கு. மீதி 1,000 யாருக்கென்று தீர்மானிக்காமல் அங்கேயே கிடக்கட்டும். ஆறு மாதத்தில் 6,000 சேரும். தெருவில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் நின்றுபோனால் கை பிசைய வேண்டியதில்லை. நேரே பள்ளியிலேயே கட்டி, ரசீதைப் பிள்ளையின் பெயரில் வாங்கிக் கொடுத்துவிடலாம். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) முழுவதும் சபைப் பெட்டிக்கே என்று அடித்துச் சொல்பவர்கள் உபாகமம் 14:28, 29-ஐ ஒருமுறை வாசிக்கட்டும். மூன்றாம் வருஷத்துப் பங்கில் ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இனி கார்டு பாக்கி. மாதம் 3 சதவீத வட்டி என்றாலே 50,000-க்கு 1,500 ரூபாய் போய்விடும். அது தீரும்வரை காணிக்கையை 1,000 ஆக்கி, 3,000-ஐ கார்டில் கூடுதலாகக் கட்டுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம், விட்ட பழக்கம் திரும்ப ஒட்டாது. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறது 2 கொரிந்தியர் 8:12. கார்டைத் தேய்த்துக் காணிக்கை போடவே கூடாது. அது வங்கியின் பணம். பெற்றோரின் மருந்துச் செலவைக் குறைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். பெற்றோருக்கு உதவ வேண்டியதை ‘கொர்பான்’ (காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை மாற்கு 7:11-ல் இயேசு கண்டித்தார்.

போதுமென்ற மனம் தானாக வருவதில்லை. “கற்றுக்கொண்டேன்” என்றுதான் பவுலே எழுதுகிறார். (ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13-க்கு முந்தின வசனம் பட்டினியையும் பரிபூரணத்தையும் பற்றியது, வெற்றியைப் பற்றியதல்ல.) வீட்டுச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு, 28,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இன்கிரிமெண்டில்: 5,000 ஏறப்போகிறது என்று தெரிந்ததுமே ஷோரூமில் இஎம்ஐ கணக்கு போட்டாகிவிடும். முதல் ஏறிய சம்பளம் வருமுன்பே அந்த 5,000-ல் பாதியைக் கொடுப்பதற்கும் கடனுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

கன்வென்ஷனில் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது பொருத்தனைச் சீட்டில் (இவ்வளவு கொடுப்பேன் என்று வாக்களிக்கும் சீட்டு) தொகை எழுதாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் கலந்து பேசி, மறுநாள் எழுதுங்கள். ‘நூறு மடங்கு திரும்பும், விதை விதையுங்கள்’ என்று கேட்பவருக்குக் கொடுப்பதை நான் காணிக்கையில் சேர்க்கமாட்டேன். அது சீட்டுக் கம்பெனி ஆசை.

வரிச்சலுகையை நம்பித் தொகையை முடிவு செய்ய வேண்டாம். புதிய வரி முறையில் நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு இல்லை. பழைய முறையிலும் 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.