பயிற்சி இல்லாமல் பழைய காயத்தைக் கிளறலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிவரும் ஒரு அம்மா, 2009 இறுதி யுத்தத்தில் தம்பியைக் கண்முன்னே இழந்தவர். பட்டாசு வெடித்தாலே உறைந்துபோகிறார், இரவில் நித்திரை இல்லை. வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்கிறார். என்னிடம் மட்டும் கொஞ்சம் மனம்விட்டுக் கதைப்பார். நடந்ததையெல்லாம் சொல்லவைத்தால் பாரம் குறையுமா? நான் பயிற்சி எடுத்து உதவலாமா?

பதில்: பயிற்சி எடுக்கலாம், தாராளமாக. உகண்டாவின் நக்கிவாலே அகதிக் குடியிருப்பில் ருவாண்டா, சோமாலிய அகதிகளிலிருந்தே ஆட்களைத் தெரிவுசெய்து, சில வாரங்கள் பயிற்றுவித்து, சிகிச்சை கொடுக்க வைத்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோர் மனவடு நோயிலிருந்து, அதாவது கொடிய அனுபவத்தின் நினைவும் பயமும் விடாமல் துரத்தும் நோயிலிருந்து, மீண்டிருந்தார்கள். வைத்தியர் எட்டாத இடத்தில் ஊர் ஆளே உதவமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

ஆனால் இப்போதைக்கு அவரைச் சொல்லவைக்காதீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. கதை பாதியில் நின்றால் பயம் உச்சத்திலேயே நிற்கும், அதோடுதான் அவர் வீட்டுக்குப் போவார்.

நடந்ததைச் சொல்லவைத்து ஆற்றும் முறையான சிகிச்சைக்குக் கதைகூறல் சிகிச்சை என்று பெயர். அது வேறு விதம். முதலில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அதுதான் அவர் வாழ்க்கை. நல்ல நிகழ்வுகளுக்குப் பூ, கொடுமைகளுக்குக் கல். பிறகு ஒவ்வொரு கல்லாக, பயம் தணியும்வரை அவசரப்படாமல் கதைப்பார்கள். உளவளத்துணையாளர் அதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். பின்னால் அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வை செய்வார். அந்த மேற்பார்வை இல்லாத பயிற்சியை நான் பயிற்சியாகவே எண்ணுவதில்லை. சான்றிதழ் தரும் ஒருநாள் பட்டறைக்குப் போகுமுன், "பிறகு யாரிடம் ஆலோசனை கேட்பது?" என்று விசாரியுங்கள்.

கதை சொல்லித்தான் ஆறவேண்டும் என்றும் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் எங்கள் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், கதைகூறல் ஒரு குழுவுக்கு, தியானமும் தளர்வுப் பயிற்சியும் மற்றதற்கு. இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? அவர் உறைந்துபோனால் உலுக்காதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். எதிரே இருந்து நிதானமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இது முன்பள்ளி, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பிள்ளை உள்ளே விளையாடுகிறாள்" என்று சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைக் கேளுங்கள். அவராகக் கதைத்தால் கேளுங்கள், "பிறகு என்ன நடந்தது?" என்று தோண்டாதீர்கள்.

அப்புறம், கூலிப் பிரச்சினை. அருகிலுள்ள வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். முதல் தடவை கூடவே போங்கள், தனியாகப் போகச் சொன்னால் பெரும்பாலும் போகமாட்டார். ஆய்வுக்கென்று யாராவது கேள்விக்கொத்தோடு வந்தால், பதில் சொன்னபின் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அவருக்காக நீங்கள் கேளுங்கள்.

சாக நினைப்பதாகச் சொன்னாலோ, சாப்பாட்டை விட்டாலோ, பிள்ளையைக் கவனிக்க முடியாமல் போனாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.