வீட்டுக் கணினியிலுள்ள பாடல்களை ஹைஃபையில் கேட்பது: கேள்வி பதில்

கணினியில் சேர்த்து வைத்திருக்கும் பாடல்களை நல்ல ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் வழியாகக் கேட்பது தொடர்பாக உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். விலைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கேள்வி: ஐயா, கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் உள்ளீட்டுக்கு கேபிள் போட்டுக் கேட்கிறேன். சிடி பிளேயரில் தெளிவாக இருக்கும் பாடல் இதில் மங்கலாக ஒலிக்கிறது. பாட்டு ஓடாத நேரத்தில் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கீச்சென்று சத்தம் வருகிறது. கணினியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கேபிளை எடுத்த இடம்தான் சரியில்லை. கோப்பில் எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றித் தருவது டி.ஏ.சி. என்னும் சில்லு. உங்கள் இணைப்பில் அந்த வேலையை மதர்போர்டில் உள்ள சிறு சில்லு ஒன்று செய்கிறது. அதைச் சுற்றிலும் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாம் ஓயாமல் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதால், அந்தச் சலனம் இசை செல்லும் வழியிலும் கசிந்துவிடுகிறது. மவுஸ் நகரும்போது நீங்கள் கேட்கும் கீச்சொலி அதுதான். தவிர, சிடி பிளேயர் உச்ச அளவில் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். கணினியின் ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் அதில் பாதிதான் தரும். ஆகவே ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவைக் கூட்டுகிறீர்கள், கூடவே இரைச்சலும் கூடுகிறது. சற்று உரக்க ஒலிப்பது எதுவானாலும் அதுவே தெளிவானது என்று காது முடிவு செய்துவிடும் என்பதால், இரண்டையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் வேலையைக் கணினிப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோவதே தீர்வு. எப்படிக் கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி: யூஎஸ்பி டி.ஏ.சி. வாங்குவதா, வைஃபையில் அனுப்புவதா, புளூடூத் போதுமா? கணினி ஓர் அறையிலும் ஸ்பீக்கர் கூடத்திலும் இருக்கின்றன.

பதில்: கணினியும் ஆம்ப்ளிஃபையரும் அருகருகே இருந்தால் யூஎஸ்பி டி.ஏ.சி. போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. இப்போது வரும் டி.ஏ.சி.க்கள் பெரும்பாலும் தம் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வேண்டிய வேகத்தில் கணினியிடமிருந்து தரவைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. விண்டோஸில் இவற்றுக்கென்று தனி டிரைவர் தேடிய காலமும் 2017இல் விண்டோஸ் 10க்கு வந்த புதுப்பிப்போடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. உங்கள் கூடத்துக்கு அது எட்டாது.

அறை வேறாக இருந்தால் வீட்டு நெட்வொர்க்கே சரியான வழி. கணினியில் பாடல்களைப் பரிமாறும் சர்வர் மென்பொருள் ஒன்று ஓடும். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் சிறிய பிளேயர் ஒன்று இருக்கும். கையிலுள்ள செல்பேசியில் பாடலைத் தேர்ந்தெடுப்பீர்கள். பெரும்பாலான தயாரிப்புகளுக்குப் பொதுவான முறை டிஎல்என்ஏ. ஆப்பிள் 2004இல் ஏர்ட்யூன்ஸ் என்று தொடங்கி 2010இல் ஏர்பிளே என்று பெயர் மாற்றிய முறையும் பல ஆம்ப்ளிஃபையர்களில் உள்ளது. அதன் முதல் தலைமுறை, சிடியின் தரத்தில் இழப்பின்றி அனுப்பும். அதற்கு மேற்பட்ட தரமுள்ள கோப்பைச் சிடி அளவுக்கு இறக்கித்தான் அனுப்பும்.

என் சாய்வு ஸ்க்வீஸ்பாக்ஸ் வழிக்கே. 2003இல் வந்த அந்தப் பிளேயரைத் தயாரித்த நிறுவனத்தை லாஜிடெக் 2006இல் வாங்கியது, 2012இல் உற்பத்தியை நிறுத்தியது, 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. இத்தனைக்குப் பிறகும் பழைய பெட்டிகள் பாடிக்கொண்டிருக்கின்றன. சர்வர் மென்பொருளின் மூல நிரல் திறந்திருந்ததால் ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் தொடர்ந்து வளர்க்கிறார்கள். 2015இல் வந்து 2019இல் நிறுத்தப்பட்ட, வைஃபையில் வரும் இசையை ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவையும் நினைத்துப் பாருங்கள். உற்பத்தியாளர் கைவிட்டாலும் தொகுப்பு உங்கள் கணினியிலிருந்தே ஒலிக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புளூடூத் விருந்தினரின் செல்பேசிக்கு நல்லது. அதன் அடிப்படைக் குறிமுறையான எஸ்பிசி, நொடிக்கு 328 கிலோபிட்டுக்குள் இசையைச் சுருக்கி அனுப்புகிறது. இழப்பில்லாத கோப்புகளைப் பாடுபட்டுச் சேர்த்தவர் அந்த வாசல் வழியாக அவற்றை அனுப்புவதில் பொருளில்லை.

கேள்வி: ராஸ்பெர்ரி பை வைத்து நானே பிளேயர் செய்ய முடியும் என்கிறார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ராஸ்பெர்ரி பை என்பது ஒரே போர்டில் அமைந்த சிறு கணினி. ஒரு பை போர்டு, அதன் 40 ஊசிகளின் மேல் அழுத்திப் பொருத்தும் டி.ஏ.சி. போர்டு, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, நல்ல பவர் அடாப்டர் ஆகியவை போதும். பழைய மாடல்களில் இருக்கும் ஹெட்ஃபோன் துளையை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் தரம் ஹைஃபைக்கு ஆகாது. வாலியுமியோ, மூட், பைகோர்பிளேயர் ஆகிய பிளேயர் மென்பொருள்களில் ஒன்றை எஸ்டி கார்டில் எழுதிச் செருகினால், சில நிமிடங்களில் அதன் அமைப்புப் பக்கம் கணினியின் பிரவுசரில் திறக்கும். அங்கே டி.ஏ.சி. பட்டியலில் உங்கள் போர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். "ஒலியே வரவில்லை" என்று எழுதுபவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிச் சென்றவர்கள்.

பிறகு கணினியில் பாடல்கள் உள்ள ஃபோல்டரைப் பகிர்ந்து, அதன் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பையில் கொடுத்தால் அது தொகுப்பு முழுவதையும் படித்துப் பட்டியலிட்டுக்கொள்ளும். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்து அரை மணி நேரத்தில் நின்றுபோனால், பையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். கணினி உறங்கப் போயிருக்கும். பவர் அமைப்பில் உறக்கத்தை நிறுத்தி, திரை மட்டும் அணையும்படி வைத்தால் போதும். மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில் இருப்பவர்கள் பையை ரவுட்டரோடு சேர்த்து யுபிஎஸ்ஸில் இணைப்பது நல்லது, ஏனெனில் திடீரென்று மின்சாரம் போகும்போது எஸ்டி கார்டில் உள்ளவை கெட்டுவிடக்கூடும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 320 கிலோபிட் எம்பி3. எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கிவிடட்டுமா? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைத் தேடி வாங்க வேண்டுமா?

பதில்: எம்பி3யை, இழப்பின்றிச் சுருக்கும் வடிவமான ஃப்ளாக் ஆக்கினால் கோப்பு பெருக்கும், இசை பெருகாது, சுருக்கும்போது கழிக்கப்பட்டது திரும்பி வராது. மூலச் சிடி கையில் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுங்கள். சிடியின் தரவு வேகம் நொடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் வரும். 2001இல் வெளியான ஃப்ளாக், ஒரு பிட்டைக்கூட இழக்காமல் அதைப் பெரும்பாலும் பாதியளவுக்கோ அதற்குச் சற்று மேலோ சுருக்கிவிடும். நன்றாக உருவாக்கிய 320 கிலோபிட் எம்பி3யையும் ஃப்ளாக்கையும், எது எதுவென்று தெரியாமல் கேட்டுப் பிரித்தறிவது மிகக் கடினம். அப்படியிருந்தும் நான் ஃப்ளாக்கைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் காது அன்று: நாளை வேறு வடிவம் தேவைப்பட்டால் ஃப்ளாக்கிலிருந்து குறையின்றி மாற்றலாம், எம்பி3யிலிருந்து மாற்றினால் ஒவ்வொரு முறையும் தேயும்.

192 கிலோஹெர்ட்ஸ் விஷயத்தில் நிதானமாக இருங்கள். சிடியின் 16 பிட், 96 டெசிபல் வரை ஒலி வீச்சைத் தாங்கும், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுப்பது, மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் பதிவு செய்யும். உயர்தரக் கோப்பு நன்றாக ஒலித்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த வெளியீட்டுக்காக மூல நாடாவிலிருந்து கவனமாக மறுபடி மாஸ்டரிங் செய்திருப்பதுதான். இழப்பில்லாதது என்று சொல்லி எங்கிருந்தோ வந்து சேரும் கோப்புகளை ஸ்பெக் என்னும் இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அலைவரிசைப் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாப் பாடல்களிலும் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அது ஃப்ளாக் உடையணிந்த 128 கிலோபிட் எம்பி3யாக இருக்க வாய்ப்பு மிகுதி.

கேள்வி: பழைய சிடிகளிலுள்ள பாடல்களைக் கணினிக்கு எடுக்க எந்த மென்பொருள்?

பதில்: விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. எடுத்த பாடல் பிழையற்றதா என்பதை, அதே சிடியை எடுத்த மற்றவர்களின் முடிவோடு அக்யுரேட்ரிப் தரவுத்தளத்தின் வழியாக அது ஒப்பிட்டுச் சொல்லும். தமிழ்ச் சிடிகள் பல அந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. அப்போது ஒவ்வொரு பாடலையும் இருமுறை படிக்கச் செய்து, இரண்டு சரிபார்ப்பு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே திரைப்படத்தின் ஐந்து பாடல்கள் பிளேயரில் ஐந்து ஆல்பங்களாகத் தெரிகின்றன. சில பழைய பாடல்களின் பெயர்கள் புரியாத எழுத்துகளாக வருகின்றன.

பதில்: எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனெனில் ஆயிரக்கணக்கான பாடல்கள் கொண்ட தொகுப்பில், தேடிய பாடல் கிடைக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த ஆம்ப்ளிஃபையரும் பயன்படாது. பாடல்களோடு சேர்த்து எழுதப்படும் டேக் விவரங்களில், பாடியவர் என்ற இடமும் ஆல்பத்துக்குரியவர் என்ற இடமும் தனித்தனியாக உள்ளன. திரைப்பாடல்களில் ஒவ்வொரு பாட்டையும் வேறொருவர் பாடியிருப்பதால், ஆல்பத்துக்குரியவர் இடம் காலியாக இருந்தால் மென்பொருள் பாடகர்வாரியாக ஆல்பத்தைப் பிரித்துவிடுகிறது. அந்த இடத்தில் எல்லாப் பாடல்களுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். எம்பி3டேக் மென்பொருளில் ஐந்தையும் தேர்ந்தெடுத்து ஒருமுறை தட்டினால் முடிந்தது. "ஒரே மாதிரி" என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பெயரின் முன்னெழுத்துக்குப் பின் ஓரிடத்தில் புள்ளி இருந்து இன்னோரிடத்தில் இல்லாவிட்டாலும் அவர் இரண்டு பேராகிவிடுவார்.

கர்நாடக இசைக்கு இன்னும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். ஆல்பத்துக்குரியவர் பாடகர் அல்லது முதன்மை வாத்தியக் கலைஞர். இயற்றியவர் இடத்தில் தியாகராஜர், தீட்சிதர் என்று எழுத வேண்டும். ராகத்துக்கென்று ஆயத்த இடம் கிடையாது. ஃப்ளாக்கில் விரும்பிய பெயரில் புதிய இடம் உருவாக்கலாம் என்பதால், ராகம், தாளம் இரண்டையும் சேர்த்து, லிரியனில் அவற்றைத் தேடுவதற்கான துணை நிரலை அமைத்துக்கொண்டால், தோடி மட்டும் கேட்க வேண்டும் என்ற மாலைப் பொழுதில் தோடி மட்டும் வந்து நிற்கும்.

புரியாத எழுத்துகள் பெரும்பாலும் யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, பாமினி போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்டவை. இணையத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டிப் பார்த்தால் பெயர் வெளிப்பட்டுவிடும். பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அவை 30 எழுத்து எல்லை கொண்ட பழைய டேக் முறையில் உள்ளவை. கையால்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் ஒரு கணம் ஒலி அறுபடுகிறது.

பதில்: எம்பி3 இசையை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கிச் சுருக்குவதால், பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றொலி சேர்ந்துவிடுகிறது, அதைக் கழித்து இசைக்கத் தெரியாத பிளேயரில் தம்புராவின் சுருதியே துண்டாகும். ஃப்ளாக்கில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டிஎல்என்ஏ பிளேயர் அடுத்த பாடலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் வகையாகவும் இருக்க வேண்டும். இடைவெளியற்ற இசைப்பு உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள். திரைப்பாடல் மட்டும் கேட்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை.

கேள்வி: யூஎஸ்பி டி.ஏ.சி. வாங்கியும் "ம்ம்ம்" என்ற உறுமல் போகவில்லை.

பதில்: அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி. கணினியும் ஆம்ப்ளிஃபையரும் தனித்தனிப் பிளக்குகள் வழியாக எர்த்தில் இணைந்து, கேபிள் வழியாகவும் ஒன்றோடொன்று இணையும்போது ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் உறுமலாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸும் அதே ஆம்ப்ளிஃபையரில் இருந்தால் அதன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள்; குற்றவாளி அதுவாகவும் இருக்கலாம். ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டுமே செல்வதால் அந்த வளையம் அறுந்துவிடும். எக்காரணம் கொண்டும் பிளக்கின் எர்த் ஊசியை உடைக்கவோ கழற்றவோ செய்யாதீர்கள். அது உயிர் காப்பதற்காக உள்ளது.

கேள்வி: விண்டோஸில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: விண்டோஸ், எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரியெடுப்பு வேகத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிக் கலந்து அனுப்புகிறது. பிளேயர் மென்பொருளில் வசாபி பிரத்தியேக முறையைத் தேர்ந்தெடுத்தால் பாடல் உள்ளபடியே டி.ஏ.சி.யைச் சென்றடையும், மின்னஞ்சல் வந்த மணியொலியும் பாட்டின் நடுவே ஒலிக்காது. மேக்கில் ஆடியோ மிடி அமைப்பில் வேகத்தைக் கையால் வைக்க வேண்டும். கணினியின் ஒலியளவை முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக் குறையுங்கள்.

கேள்வி: வைஃபையில் பாட்டு விக்கி விக்கி வருகிறது. ஆடியோவுக்கென்று விற்கும் விலையுயர்ந்த லேன் கேபிள் போட்டால் சரியாகுமா?

பதில்: சாதாரண கேட் 5ஈ கேபிள் போட்டாலே சரியாகிவிடும், 100 மீட்டர் வரை அது தாங்கும். சிடி தரத்திலுள்ள ஃப்ளாக்குக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் அளவே தேவை என்பதால் கோளாறு வேகத்தில் இல்லை, அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் செய்வதில்தான் இருக்கிறது. கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். நெட்வொர்க்கில் பிழையாக வந்த தரவு மறுபடி அனுப்பப்பட்டு, பிளேயரின் நினைவகத்தில் தங்கி, அங்கிருந்து டி.ஏ.சி.க்குப் போகிறது. ஆகவே கேபிளின் விலை இசையின் இனிமையைக் கூட்ட வழியில்லை. அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க் உள்ள நாஸ் வாங்கிவிட்டேன். இனித் தொகுப்புக்கு ஆபத்தில்லை அல்லவா?

பதில்: நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும்படி ரெய்டை அமைத்திருந்தால், ஒரு டிஸ்க் பழுதானாலும் அது காப்பாற்றும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே கணத்தில் இரண்டிலும் அழிந்துவிடும். மின்னழுத்தம் எகிறினாலோ வைரஸ் புகுந்தாலோ இரண்டும் சேர்ந்தே போகும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பும் தன்னுள் இருக்கும் இசைக்கான சரிபார்ப்பு எண்ணைத் தன்னோடே சுமந்திருப்பதால், நகல் எடுத்த பிறகு, பிளேயர் மென்பொருளான ஃபூபார்2000இன் சரிபார்ப்பு வசதியை முழுத் தொகுப்பின் மீதும் ஓட விடுங்கள். பெரிய தொகுப்புக்குச் சில மணி நேரம் ஆகலாம். பிழை காட்டும் கோப்புகளை மட்டும் சிடியிலிருந்து மறுபடி எடுத்தால் போதும்.